டார்சி ரிபெய்ரோவைப் போர்த்துகீசியத்திலிருந்தே கொண்டுவாருங்கள்: மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம். பிரேசிலின் மானிடவியலாளரும் பேராசிரியரும், அந்நாட்டில் அமைச்சராகவும் துணை ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்தவருமான டார்சி ரிபெய்ரோவின் நூல்களை, ஆங்கிலத்தின் வழியாக அல்லாமல் போர்த்துகீசிய மூலத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். லத்தீன் அமெரிக்காவின் நாவல்களையும் கவிதைகளையும் தமிழ் வாசகர்கள் நீண்டகாலமாக விரும்பிப் படித்துவருகிறார்கள். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் பெயர் நம் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில்கூட ஒலிக்கிறது. அந்த ஃப்ரெய்ரேயின் எழுத்தறிவுத் திட்டத்தை 1964 தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் விரிக்க முற்பட்ட அரசில், அதிபர் மாளிகையின் நிர்வாகத் தலைவராக அமர்ந்திருந்தவர் ரிபெய்ரோ. அவரை நாம் அறியாமல் இருப்பதற்கு அவருடைய எழுத்தின் கடினம் காரணமன்று. அவர் கதை எழுதியதைவிடக் கட்டுரை அதிகம் எழுதினார் என்பதும், கட்டுரை விற்காது என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறோம் என்பதுமே காரணங்கள் என்று நினைக்கிறேன்.

நான் கல்லூரியில் சமூகவியல் கற்பிப்பவன். என் போர்த்துகீசியம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கும் அளவுக்குத்தான் உண்டு. ஆகவே மொழிபெயர்க்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் மூலத்திலிருந்து நேராக வர வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்பதை ஒரே ஒரு சொல்லை வைத்து விளக்கிவிட முடியும்.

1995இல் வெளிவந்த அவருடைய ‘பிரேசில் மக்கள்’ நூலில் ‘குன்யாதிஸ்மு’ என்றொரு சொல் வருகிறது. ‘குன்யாது’ என்றால் மச்சான். பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலின் கடற்கரையில் வந்திறங்கிய, பெரும்பாலும் கப்பல் உடைந்தோ நாடு கடத்தப்பட்டோ தனியாக ஒதுங்கிய ஐரோப்பியனை அந்தக் கரையின் பழங்குடிகளான தூபிக் குடிகள் எப்படித் தங்களுக்குள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அவர் தரும் விளக்கம் இது: அவனுக்கு ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். அவளை அவன் ஏற்றுக்கொண்ட கணத்தில் அந்தக் குடியில் உள்ள ஒவ்வொருவரும் அவனுக்கு ஏதோ ஒரு முறையில் உறவாகிவிட்டார்கள். அவள் தலைமுறை ஆண்கள் அனைவரும் மச்சான்கள், அவளுக்கு மூத்த தலைமுறை மாமனார்கள். உறவு வந்துவிட்டால் உதவியும் வரத்தானே வேண்டும்? சாயமரத்தை வெட்டிக் கரைக்குச் சுமந்து வந்து கப்பலில் ஏற்றிக் கொடுத்தவர்கள் இந்த மச்சான்கள்தாம். சாவோ விசெந்தே கரையில் ஜுவாவ் ரமாலியோவும் பாயியா கரையில் கரமுரு என்று அழைக்கப்பட்ட தியோகு ஆல்வரஸும் இப்படித்தான் பெருங்குடும்பங்களின் தலைவர்கள் ஆனார்கள். உறவின் கடமையாகத் தொடங்கியதை ஐரோப்பியர்கள் வேலையாள் திரட்டும் வழியாக மாற்றிக்கொண்டதையும், பிறகு அது நேரடி அடிமைப் பிடிப்பாக முற்றியதையும் அவர் அடுத்தடுத்த பக்கங்களில் காட்டுகிறார்.

இந்தப் பகுதியை நான் முதலில் படித்தது கிரெகரி ரபாஸா செய்து 2000இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில். மார்க்வெஸை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். திறமையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஆங்கில மொழியிடம் மச்சானுக்கு உள்ள சொல், ‘சட்டப்படி வந்த சகோதரன்’ என்று பொருள்படும் ஒட்டுச்சொல். அக்காள் கணவனும் மனைவியின் தம்பியும் கணவனின் அண்ணனும் அதற்கு ஒருவரே. ஆங்கிலம் வழியாக வரும் தமிழ் மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ‘மைத்துனர் அமைப்பு’ என்று எதையோ எழுதி நகர்ந்துவிடும். நமக்கோ ‘கொண்டான் கொடுத்தான்’ என்ற தொடர் கையிலேயே இருக்கிறது. பெண் கொடுத்த வீட்டாரும் கொண்ட வீட்டாரும் முழுக் குடியாகவே மாமன் மச்சான் முறைக்குள் வந்துவிடுவதை ஊரில் எந்தப் பாட்டியும் விளக்கத் தேவையில்லாமல் அறிவார்.

இது தற்செயலான ஒற்றுமையும் அன்று. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் தமிழகத்தில் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்ந்த பின் 1953இல் திராவிட உறவுமுறைச் சொற்களைப் பற்றி எழுதினார். அமேசான் குடிகளை ஆராய்ந்த பின்னாளைய அறிஞர்கள், அங்கே பல குடிகளிடம் காணப்படும் உறவுமுறையைத் ‘திராவிட வகை’ என்றே குறிப்பிடுகிறார்கள். தூபிக் குடிகளில் தாய்மாமன் அக்காள் மகளை மணந்ததைப் பழைய ஐரோப்பியக் குறிப்புகள் பதிந்துள்ளன. தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பு வேண்டாத இடம் அது.

அதே நூலில் இன்னொரு சொல்லும் உண்டு: ‘நிங்கேந்தாஜி’. ‘நிங்கேம்’ என்றால் ஒருவருமில்லை. அதிலிருந்து அவரே ஆக்கிக்கொண்ட சொல். ஐரோப்பியத் தந்தைக்கும் தூபித் தாய்க்கும் பிறந்த பிள்ளையைத் தந்தையின் மக்கள் தம்மவனாக ஏற்கவில்லை. பிள்ளை தந்தையின் விதை, தாய் அதைச் சுமக்கும் பை என்று கருதிய தாயின் மக்களும் அவனைத் தம்மவனாக எண்ணவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் பிள்ளைகளோ ஆப்பிரிக்கரும் அல்லர், வேறெவரும் அல்லர். இப்படி எவராகவும் இல்லாதவர்கள் அந்த இல்லாமையிலிருந்து தப்பிக்கவே பிரேசிலியர் ஆனார்கள் என்கிறார் ரிபெய்ரோ. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘நாதியற்ற நிலை’ என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. நாதியற்றவனுக்கு ஆதரவுதான் இல்லை, இனம் உண்டு. ‘எவருமின்மை’ சற்று நெருங்குகிறது, ஆனாலும் தத்துவ வகுப்பின் வாடை அடிக்கிறது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்குத்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறேன்.

நூல்களை மட்டும் பார்த்தால் அவர் யாரென்று விளங்காது. வாழ்க்கையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1922 அக்டோபர் 26 அன்று மீனாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் வடக்கே மோந்திஸ் கிளாரூஸ் என்ற ஊரில், பள்ளி ஆசிரியையான தாய்க்குப் பிறந்தார். மிகச் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டு, சாவோ பாவ்லோவில் சமூகவியல் படித்து 1946இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு, முதுமையடைந்திருந்த மார்ஷல் ரொந்தோன் நிறுவிய பழங்குடிப் பாதுகாப்புத் துறையில் சேர்ந்து, மாத்து குரோசுவின் கதிவேயு மக்களிடையேயும் பிறகு வடக்கே காபோர் மக்களிடையேயும் மாதக்கணக்கில் தங்கினார். காபோர் ஊர்களில் அவர் எழுதிய நாட்குறிப்புகள் மனைவி பெர்தாவுக்கு எழுதும் கடிதங்களாகவே அமைந்தன. பெர்தாவும் பின்னர் பழங்குடிக் கைவினைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற மானிடவியலாளர். மகனைப் பறிகொடுத்த துயரத்தில் படைப்புக் கடவுளான மாயிராவைத் தேடிக் குடும்பத்தோடு கடலை நோக்கி நடந்து, வழியில் பழங்குடி என்பதற்காகவே அடிபட்டுச் சிறைப்பட்டு, கடைசியில் பிந்தாரே ஆற்றில் பிரானா மீன்களுக்குத் தன்னைக் கொடுத்துவிட்ட உயிரா என்ற காபோர் மனிதரின் கதையை அவர் எழுதியிருக்கிறார். இருபது பக்கக் கட்டுரைதான். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வகுப்பெடுக்கவில்லை.

1953இல் ரியோவில் பழங்குடி அருங்காட்சியகத்தை நிறுவினார். காட்டுமிராண்டிகள் என்ற எண்ணத்தைப் பார்வையாளர் மனத்திலிருந்து அகற்றுவதே அதன் வேலை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். 1900இல் பிரேசிலில் இருந்த 230 பழங்குடிக் குழுக்களில் 1957இல் எஞ்சியவை 143 மட்டுமே என்று கணக்கிட்டு வெளியிட்டவரும் அவரே. பழங்குடிகளுக்காகப் பாடுபட்ட வில்லாஸ் போவாஸ் சகோதரர்களோடு சேர்ந்து அவர் வாதாடிய ஷிங்கு பழங்குடிப் பூங்கா 1961இல் அரசாணையாகியது.

அடுத்து பிரசிலியா. புதிய தலைநகரில் மாணவர்களின் ஆரவாரம் வேண்டாம் என்று கருதிய அதிகாரிகளை மீறி, கல்வியாளர் அனீசியு தெய்ஷேராவோடு சேர்ந்து அங்கே ஒரு பல்கலைக்கழகத்தைக் கொண்டுவந்தார். 1962 ஏப்ரல் 21 அன்று திறக்கப்பட்ட பிரசிலியா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர்தான். அங்கே அந்தப் பதவிக்கு ‘ரெய்த்தோர்’ என்று பெயர். ஒரு பாடத்துக்கு ஒரு வாழ்நாள் பேராசிரியர், மற்றவரெல்லாம் அவர் காலடியில் என்ற பழைய ஏற்பாட்டை ஒழித்துத் துறைகளை அமைத்தார். அதன் பெரிய அரங்குக்குக் கட்டுமானத்தில் இறந்த இரு தொழிலாளர்களின் நினைவாக ‘இரு கந்தாங்குகள்’ என்று பெயர். பிரசிலியாவைக் கட்ட வந்த கூலித் தொழிலாளரைத்தான் கந்தாங்கு என்பார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கல்வி அமைச்சர், 1963இல் அதிபர் மாளிகையின் நிர்வாகத் தலைவர் என்று ஏறியவரை 1964 ஏப்ரலில் இராணுவம் கவிழ்த்தது. அதிபர் ஜுவாவ் கூலார்ட் நாட்டை விட்டுப் போனார். எதிர்த்து நிற்கலாம் என்று கடைசிவரை வாதிட்ட ரிபெய்ரோவும் அரசியல் உரிமைகள் பறிக்கப்பட்டு உருகுவே போய்ச் சேர்ந்தார். அவர் கட்டிய பல்கலைக்கழகத்துக்குள் படை புகுந்தது. 1965இல் அங்கிருந்த 305 ஆசிரியர்களில் 223 பேர் அடக்குமுறையை எதிர்த்து ஒரேயடியாகப் பதவி விலகினார்கள்.

அரசியல்வாதியான பேராசிரியர்கள் உலகில் ஏராளம். பதவி போனதும் வகுப்பறைக்குத் திரும்பி நினைவுக்குறிப்பு எழுதுபவர்களும் ஏராளம். ரிபெய்ரோவோ நாடுகடந்த காலத்தில், ‘நாம் ஏன் தோற்றோம்?’ என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு மனித நாகரிகத்தின் பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னால் போய், அங்கிருந்து நடந்து வரத் தொடங்கினார். 1968இல் வெளிவந்த ‘நாகரிகச் செயல்முறை’ அதன் முதல் நூல். ‘பிரேசில் மக்கள்’ அந்த வரிசையின் கடைசி நூல். முதல் வரைவை உருகுவேயில் எழுதி, திருப்தியின்றித் தள்ளிவைத்து, முப்பது ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுதியதாக முன்னுரையில் அவரே சொல்கிறார். இடையில் 1968இல் நாடு திரும்பிச் சிறைப்பட்டு, விடுதலையாகி, மறுபடி வெனிசுவேலா, சிலி, பெரு என்று அலைந்தார். சிலியில் அதிபர் அயெந்தேவின் ஆலோசகராக இருந்தார். 1974இல் புற்றுநோய் கண்ட நுரையீரலை அகற்றிக்கொள்ள மட்டும் இராணுவ ஆட்சி அவரை நாட்டுக்குள் விட்டது. சாகப்போகிறவர்தானே என்று நினைத்திருப்பார்கள். அவர் இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார்.

1982 தேர்தலில் லியோனெல் பிரிசோலா ரியோ மாநில ஆளுநராகவும் ரிபெய்ரோ துணை ஆளுநராகவும் வென்றார்கள். அப்போது அவர்கள் தொடங்கிய ‘சியெப்’ என்னும் முழுநாள் அரசுப் பள்ளிகளைப் பற்றித்தான் தமிழில் முதலில் எழுதப்பட வேண்டும் என்பது என் எண்ணம். அன்று பிரேசிலின் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் குழந்தைகளை மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே கட்டடத்தில் ஒரு நாளைக்குப் பல அணிகள் மாறி மாறி வரும். பணக்காரக் குழந்தை மீதி நேரத்தை வீட்டில் புத்தகங்களோடும், ஏழைக் குழந்தை தெருவிலும் கழிக்கும். ரிபெய்ரோவின் பள்ளியில் குழந்தைகள் காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குப் போவார்கள். சாப்பாடு, குளியல், பல் மருத்துவம், விளையாட்டுக் கூடம் எல்லாம் அங்கேயே. கட்டட வடிவம் ஆஸ்கர் நீமெயர்; ஒரே அச்சில் வார்த்த கான்கிரீட் துண்டுகளை அடுக்கி எழுப்பிய மூன்று மாடி நீளக் கட்டடம். அருகே எண்கோண வடிவ நூலகம், அதன் மேல் வீடில்லாத சில பிள்ளைகள் தங்கும் அறைகள். முதல் பள்ளி 1985இல் கத்தேத்தி பகுதியில் திறக்கப்பட்டது. பிரிசோலாவின் இரண்டாம் ஆட்சியும் சேர்த்துச் சுமார் 500 பள்ளிகள் எழுந்தன. ஊர்மக்கள் அவற்றை ‘பிரிசோலாவ்’, அதாவது ‘பெரிய பிரிசோலா’ என்றார்கள். முதல் ஆட்சியிலேயே, அதே நீமெயரைக் கொண்டு 1984 சாம்பா விழாவுக்காகக் கட்டிய ஊர்வலத் திடலின் இருக்கை வரிசைகளுக்கு அடியிலும், விழா முடிந்த மாதங்களில் வெறுமனே கிடக்க வேண்டாம் என்று, ரிபெய்ரோ வகுப்பறைகளை வைத்தார். கேலி செய்யாத பத்திரிகை இல்லை.

கேலியில் சில நியாயமும் இருந்தது. வகுப்பறைகளைப் பிரித்த தடுப்புச் சுவர்கள் கூரைவரை எட்டவில்லை. பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் இந்த வகுப்பு நிலவியலை மறந்தது. அந்த இரைச்சலில் தொண்டை கட்டிப்போன ஆசிரியர்களின் முறையீட்டை மாபெரும் கட்டடக் கலைஞர் என்பதற்காகத் தள்ளிவிட முடியாது. செலவு அதிகம், சாலையோரம் கண்ணில் படும் இடமாகப் பார்த்துக் கட்டினார்கள், மிச்சப் பள்ளிகள் பாழாகக் கிடந்தன என்பவையும் குற்றச்சாட்டுகள். 1986இல் ஆளுநர் பதவிக்கு நின்று ரிபெய்ரோ தோற்றார். வென்றவரின் ஆட்சியில் முழுநாள் பள்ளித் திட்டம் தேய்ந்தது. பின்னாளில் பல சியெப்கள் அரைநாள் பள்ளிகளாயின. கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. ரியோவின் புறநகர்ச் சாலைகளில் அவற்றின் முனை மழுங்கிய சன்னல் வரிசையைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

1990இல் செனட்டரானார். வடக்கு ரியோவின் கம்புஸில் 1993இல் இன்னொரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவைத்தார். 1996 டிசம்பர் 20 அன்று நிறைவேறிய தேசியக் கல்விச் சட்டம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆசிரியர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் விவாதித்து உருவாக்கிய வரைவை ஓரங்கட்டிவிட்டுத் தன் வரைவை அவர் முன்னகர்த்தினார் என்ற மனக்குறை அங்குள்ள கல்வியாளர்களிடம் இன்றும் இருக்கிறது. பொறுமை அவருடைய குணங்களில் ஒன்றன்று. 1995 தொடக்கத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர், நூலை முடிக்காமல் செத்துவிடுவேன் என்று பயந்து மருத்துவமனையிலிருந்து தப்பி, மாரிக்காவின் கடற்கரை வீட்டுக்குப் போய் ‘பிரேசில் மக்கள்’ நூலை எழுதி முடித்தார். 1997 பிப்ரவரி 17 அன்று பிரசிலியாவில் இறந்தார்.

அவரைப் புனிதராக்கி வெளியிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கலப்பினால் உருவான ‘புதிய மக்கள்’ என்று அவர் பெருமிதத்தோடு எழுதும் பக்கங்களைக் கறுப்பின இயக்கத்தவர்கள் சந்தேகத்தோடுதான் படிக்கிறார்கள். பிரேசிலியர் ஒவ்வொருவரும் வதைக்கப்பட்டவரின் தசையையும் வதைத்தவரின் கையையும் ஒருசேரச் சுமக்கிறார் என்று அதே நூலில் அவர் எழுதியிருப்பதை எடுத்துக்காட்டினாலும் அந்தச் சந்தேகம் முழுதும் தீராது. பழங்குடிகளைப் பொறுத்தவரை அவர் கணிப்பே பொய்த்தது. 1957இல் அவர் மதிப்பிட்ட மொத்தத் தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. அவர்கள் மொழியையும் வழக்கங்களையும் இழந்து, தனிக் குடி என்ற முகம் மறைந்து, வெறும் ‘பொதுப் பழங்குடி’ ஆகிவிடுவார்கள் என்று எழுதினார். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைப் பழங்குடி என்று சொல்லிக்கொண்டவர்கள் சுமார் 17 லட்சம் பேர். கணக்கெடுக்கும் முறை மாறியதும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், தான் தவறியதில் மிக மகிழ்ந்திருக்கக்கூடிய மனிதர் அவர். குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க முயன்று தோற்றேன், பழங்குடிகளைக் காக்க முயன்று தோற்றேன், நல்ல பல்கலைக்கழகம் அமைக்க முயன்று தோற்றேன், ஆனால் என்னை வென்றவர்களின் இடத்தில் இருக்க நான் விரும்பமாட்டேன் என்ற பொருளில் அவர் பேசியது பிரேசிலில் பலருக்கு மனப்பாடம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பதிப்பாளர்கள் எடுத்த எடுப்பில் ‘பிரேசில் மக்கள்’ நூலில் இறங்க வேண்டாம். அது கனமான நூல், பொறுமையான ஆசிரியர் குழு வேண்டும். உயிராவைப் பற்றிய கட்டுரை, காபோர் நாட்குறிப்புகளிலிருந்து ஒரு தேர்வு, சியெப் பள்ளிகளைப் பற்றி அவர் எழுதியவை ஆகிய மூன்றையும் சேர்த்து இருநூறு பக்கத்தில் ஒரு சிறு தொகுப்பாக முதலில் கொண்டுவரலாம். 1976இல் வந்த ‘மாயிரா’ நாவலை அதன் பின் எடுத்துக்கொண்டால், உயிரா தேடிப்போன கடவுளை வாசகர் ஏற்கனவே அறிந்திருப்பார். போர்த்துகீசியம் கற்கும் இளையவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து தொடங்காதீர்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள்.

பெயரையும் முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. ரியோக்காரர் வாயில் அவர் ‘தார்சி ஹிபேய்ரு’. சொல்லின் முதலில் வரும் ரகரத்தை அவர்கள் ஹகரமாகத்தான் ஒலிப்பார்கள். அப்படிப் பார்த்தால் ரியோவும் ‘ஹியு’ என்றாகிவிடும். பயணச்சீட்டு வாங்கப் போனவர் திரும்பி வந்துவிடுவார். இந்த மடலில் பழகிய எழுத்துமுறையையே பின்பற்றியிருக்கிறேன். ‘குன்யாதிஸ்மு’வுக்குக் ‘கொண்டான் கொடுத்தான் முறை’ என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்துள்ளேன். ‘நிங்கேந்தாஜி’க்கு எதிரே உள்ள கட்டம் காலியாகவே இருக்கிறது, உங்களில் எவருக்கேனும் சொல் கிடைத்தால் எழுதுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
சமூகவியல் கற்பிக்கும் ஒரு வாசகன்